நாலடி ஒன்பது அங்குலம்

விதுரை,
12.2.1979

பஞ்சு அண்ணா,

அஞ்சு வருஷம் கழிச்சு எழுதற கடுதாசியை எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம மூணு இன்லண்டை வீணாக்கிட்டேன். இது நாலாவது. சுகமா இருக்கியான்னு கேக்க எனக்கு உரிமை உண்டான்னு தெரியல. அதனால வந்த காரியத்தை நேரே சொல்லிடறேன். எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கணும். எது வாங்கலாம்னு நீ சொல்லணும்.

சிரிக்காதே. ராணுவத்துல மோட்டார் சைக்கிள் ஓட்டவும் ரிப்பேர் பண்ணவும் சொல்லிக் கொடுக்கறவன் எனக்குத் தெரிஞ்சு நீ ஒருத்தன்தான்.

நான் இப்போ விதுரையில மாட்டு டாக்டர். வாரம் பூரா இங்கே ஒரு ரூம்ல இருந்துண்டு, சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடிச்சு கரமனைக்கு அம்மாகிட்ட போவேன். என் ஆஸ்பத்திரிக்கு உட்பட்ட இடம் பொன்முடி அடிவாரம் வரைக்கும் இருக்கு. எஸ்டேட் கூலிக்காரா குடியிருக்கற லயங்கள், காட்டுக்குள்ள குடிசைகள். ரோடு பாதி தூரம்தான். அப்புறம் கல்லு, சேறு, ஓடை.

போன மாசம் ஒரு லயத்துல உச்சிமாகாளின்னு ஒருத்தியோட பசுவுக்கு வயிறு ஊதிப் போச்சு. தென்காசிப் பக்கத்துலேந்து தேயிலை பறிக்க வந்தவ. இருந்தது அந்த ஒரு மாடுதான். ஆள் வந்து சொன்ன உடனே கிளம்பினேன். பஸ்ஸுல கொஞ்சம், நடையா மிச்சம், மூணு மணி நேரம். நான் போய்ச் சேர்ந்தப்போ மாட்டோட உடம்பு ஆறிப் போயிருந்தது. விலாவுல ஒரு குழாயைக் குத்தினா காத்து இறங்கி எழுந்து நின்னிருக்கும். அஞ்சு நிமிஷ வேலை. குழாய் என் பையிலேயே இருந்தது.

அவ என்னை ஒரு வார்த்தை சொல்லல. "இம்புட்டுத் தூரம் நடந்து வந்தீகளே தாயி"ன்னு சொல்லி எனக்குப் பால் இல்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தா. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்தது. மலையிலேந்து இறங்கறப்போதான் முடிவு பண்ணினேன்.

வண்டி வாங்க டிப்பார்ட்மெண்ட்ல அட்வான்ஸ் உண்டு. எல்லாரும் ஸ்கூட்டர் வாங்குன்னு சொல்றா. அந்தச் சின்னச் சக்கரம் இங்கே இருக்கற குழிக்குள்ள முழுசா போயிடும். மோட்டார் சைக்கிள்னா எல்லாம் உசரம். நான் இன்னும் வளரல அண்ணா. அதே நாலடி ஒன்பது அங்குலம்தான்.

பதில் போடறதா இருந்தா ஆஸ்பத்திரி விலாசத்துக்குப் போடு. நீ ஏலியாம்மாவை ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிண்டப்போ, "தங்கை கல்யாணத்தைக் கெடுத்தவன் இந்த வாசப்படி மிதிக்கப்படாது"ன்னு அம்மா எழுதினாளே, அதை அவ இன்னும் மாத்திக்கல.

விஜயம்

*

செகந்தராபாத்,
23.2.1979

விஜயம்,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, பிரித்த அவசரத்தில் ஓரம் கிழிந்து இரண்டு வரி போய்விட்டது. உள்ளே மோட்டார் சைக்கிள் என்று இருந்தது. வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றதைத் தொட்டால் என்ன எழுதுவேன் என்று எனக்கே தெரியாது.

ஸ்கூட்டர் வேண்டாம் என்று நீ நினைத்தது சரி. ஆனால் உன் உயரத்தைச் சொல்லியிருக்கிறாய். வண்டிக்கு அது தேவையில்லை. கால் நீளம்தான் வேண்டும். சுவரில் முதுகு ஒட்ட நின்று, ஒரு தடிப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே முட்டுகிற வரை தூக்கி வைத்துக்கொள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளந்து எழுது. வெறுங்காலோடு ஒரு தடவை, நீ மலைக்குப் போட்டுக்கொள்கிற செருப்போ பூட்ஸோ போட்டு ஒரு தடவை.

பிறகு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கிடைக்கிற வண்டிகளில் எல்லாம் ஏறி உட்கார். ஸ்டாண்டை எடுத்துவிட்டு உட்கார வேண்டும். பாதம் எவ்வளவு தரையில் படுகிறது, வண்டியை ஒரு பக்கம் ஒரு ஜாண் சாய்த்தால் தாங்க முடிகிறதா, இறங்கி நின்று பின்பக்கமாகத் தள்ள முடிகிறதா, எல்லாம் எழுது. ஓட்டுகிற வேகத்தில் எந்த வண்டியும் லேசுதான். நிற்கும்போதுதான் அதன் கனம் தெரியும்.

என்னிடம் ஐந்தடி இரண்டங்குலப் பையன்கள் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். பாறையில் ஏற்றி இறக்கி ஓட்டிக்கொண்டு போனார்கள். உன்னைவிட ஐந்தங்குலம்தான் அதிகம்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதத் தோன்றினால் எழுது. கட்டாயமில்லை.

பஞ்சாபகேசன்

*

கரமனை,
11.3.1979

அண்ணா,

வெறுங்கால் இருபத்தஞ்சே முக்கால் அங்குலம். பூட்ஸ் போட்டா இருபத்தாறரை. புத்தகம் மாட்டு வைத்தியப் புத்தகம். அம்மா சமையல் உள்ளேந்து எட்டிப் பாத்துட்டு, "இது என்ன டாக்டருக்குப் படிச்சவா பண்ற காரியமா"ன்னா. காலுக்கு எக்சர்சைஸ்னு சொன்னேன். முழங்கால் மழைக்கு முன்னாடி வலிக்கும், மழை வந்தப்புறமும் வலிக்கும். மாடிப்படி ஏறறதில்லை. கோவிலுக்கு மட்டும் எப்படியோ போயிடறா.

அட்டக்குளங்கரையில வேலப்பன்னு ஒரு மெக்கானிக். நாகர்கோவில் பக்கத்து ஆள். ஒர்க்‌ஷாப்புக்குள்ள பொடவையோட நான் நுழைஞ்சதும், "ஸாரோட வண்டியாம்மா?"ன்னு கேட்டார். ஸார்னு யாரும் இல்லை, எனக்குத்தான்னேன். கையில இருந்த ஸ்பானரைக் கீழே வெச்சுட்டு என்னைத் தலைலேந்து கால் வரைக்கும் பாத்தார். பாக்கறதுக்கு ரொம்ப நேரம் ஆகல.

"டாக்டரம்மா, இதெல்லாம் ஆம்பிளையளுக்கு உள்ள வண்டியாக்கும். ஒங்களுக்கு ஒரு மொபெட்டு மதி, அது போரும்."

"மொபெட்டு பொன்முடி ஏறுமா?"

"அது ஏறாது."

"அப்போ நகருங்கோ."

புல்லட்ல உக்காந்தேன். பரண் மேல ஏறின மாதிரி ரெண்டு காலும் தொங்கித்து. வேலப்பனும் இன்னொருத்தரும் ரெண்டு பக்கமும் பிடிச்சுண்டா, ஏதோ ஸ்வாமியை எழுந்தருளப் பண்ற மாதிரி. யெஸ்டியில கால் விரல் பட்டுது. ஆனா ஒரு ஜாண் சாச்சதும் கனம் தாங்காம நானும் சேந்து சாஞ்சுட்டேன். வேலப்பன் பிடிச்சுட்டார். கடைசியா ஒரு பழைய ராஜ்தூத். அதுலயும் நுனி விரல்தான். ஆனா சாச்சா நிறுத்த முடிஞ்சுது. இறங்கி நின்னு பின்னால தள்ளினேன், வந்தது. வாசல்ல நாலு பேர் சாயா க்ளாஸோட வேடிக்கை பாத்துண்டிருந்தா. எதையும் சட்டை பண்ணாம அளந்துண்டு வந்துட்டேன்.

நுனி விரல் போறுமா அண்ணா? நிஜத்தைச் சொல்லு. முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிடு.

விஜயம்

*

செகந்தராபாத்,
22.3.1979

விஜயம்,

போதும். ராஜ்தூத் வாங்கு. பழையதே நல்லது. நீ கீழே போடத்தான் போகிறாய், புது வண்டியைப் போட்டால் மனசு வலிக்கும்.

இப்போது கவனமாகப் படி. சீட்டின் உயரத்தைவிட அகலம்தான் உனக்கு எதிரி. முன்பக்கம் அகலமாக இருப்பதால் தொடை விரிந்து கால் நீளம் வீணாகிறது. வேலப்பனிடம் சொல்லி உறையைப் பிரித்து, உள்ளே இருக்கிற ரப்பரை முன்பக்கத்தில் இருபுறமும் செதுக்கச் சொல். மேலே ஒன்றரை அங்குலம் எடுத்தால் போதும். அதற்கு மேல் எடுத்தால் தகடு குத்தும். இந்தக் கடிதத்தின் பின்னால் படம் போட்டிருக்கிறேன்.

பின்பக்க ஷாக் அப்சார்பரைக் குட்டையாக்கித் தருகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. வண்டி தாழ்ந்தால் அதன் வயிற்றில் கல் இடிக்கும். மலைக்குப் போகிற வண்டி தரையை விட்டு விலகித்தான் நிற்க வேண்டும்.

இரண்டு காலும் ஒரே சமயம் தரையில் பட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடு. நிற்பதற்கு ஒரு கால் போதும். நிற்கப் போகும்போது இடுப்பை இடப்பக்கமாக நகர்த்தி இடக்காலை முழுசாக ஊன்று. வலக்கால் பிரேக்கின் மேல் இருக்கட்டும். எங்கே நிற்பது என்பதை நிற்பதற்குப் பத்தடி முன்னாலேயே கண்ணால் தேடு: ஒரு கல், ஒரு மேடு, வேர். உயரமானவன் எங்கும் நின்றுவிடுவான். நீ பார்த்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். உதைத்துக் கிளப்பும்போது ஸ்டாண்டில் போட்டு, ஃபுட்ரெஸ்டில் ஏறி நின்று உடம்பு கனத்தை இறக்கி உதை.

விழுந்தால் கையால் தூக்காதே. சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் பின்கம்பி, காலை ஊன்றிப் பின்னாலேயே நடந்து எழுந்திரு. முதுகும் தொடையும் தூக்கும்.

பார்சலில் இரண்டு காக்கி பேண்ட் வருகிறது. ஏலியாம்மா உன் அளவுக்கு வெட்டித் தைத்தாள். இருபத்தஞ்சே முக்கால் என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டியபோது டேப்பைக் கையில் எடுத்துவிட்டாள்.

எங்களுக்கு ஒரு பெண் இருக்கிறாள். நாலு வயது. பெயர் சாவித்ரி. அம்மா பெயர்தான். வைத்ததும் ஏலியாம்மாதான்.

விஜயம், வண்டியைப் பற்றி மட்டும் என்றுதான் எழுதினேன். முடியவில்லை. உன் கல்யாணம் என்னால் நின்றது. உன்னைப் பெண் பார்த்த திருநெல்வேலிக்காரர்கள் வேண்டாம் என்று எழுதியது என் செய்கையால் என்று அம்மா எழுதிய வரி எனக்கு மனப்பாடம். இன்றைக்கு நீ தனியாக மலையில் நடந்துகொண்டிருக்கிறாய் என்றால் அதற்குக் காரணம் நான். ஒரு வண்டி பார்த்துக் கொடுத்து அதை ஈடு செய்ய முடியாது, தெரியும். இருந்தாலும் நான் அறிந்த ஒரே வித்தை இதுதான்.

பஞ்சு

*

கரமனை,
15.4.1979

அண்ணா,

வண்டி வந்தாச்சு. வேலப்பன் உன் படத்தை மூணு நாள் சட்டைப் பையில வெச்சுண்டு அலைஞ்சிருக்கார். "இது வரைஞ்சது ஆரு? வேலை அறிஞ்சவனாக்கும்"ன்னார். என் அண்ணான்னு சொன்னேன். அஞ்சு வருஷத்துல அந்த வார்த்தையை வெளியில ஒருத்தர்கிட்ட சொன்னது அப்போதான்.

ரப்பரைச் செதுக்கினதும் பாதத்துல முன்பாதி தரையில பட்டுது. நீ சொன்னபடி இடுப்பை நகர்த்தினா இடது பாதம் முழுசா. ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன், புத்தரிக்கண்டம் மைதானத்துல காலம்பற ஆறு மணிக்கு வேலப்பன் கத்துக் கொடுக்கறார். விழுந்தேன். முதல் நாள் நாலு, ரெண்டாம் நாள் மூணு. மூணாம் நாள் விழுந்தப்போ ரெண்டு ஆம்பிளைகள் தூக்கிவிட ஓடி வந்தா. "நில்லுங்கோ"ன்னு சொல்லிட்டு, சீட்டுக்கு முதுகைக் காட்டி உக்காந்து, பின்னால நடந்து நானே எழுப்பினேன். வேலப்பன் கை தட்டிட்டார். காத்துல முடி பறக்கறது நன்னா இருக்குன்னு யாரும் எனக்கு இதுவரைக்கும் சொன்னதே இல்லை அண்ணா.

ஏலியாம்மா தைச்ச பேண்ட் அளவு எடுத்தாப்பல இருக்கு. அவகிட்ட சொல்லு. மன்னின்னு எழுதலாமா?

அம்மா பேண்ட்டைப் பாத்தா. "யார் தைச்சது?"ன்னா. தெரிஞ்ச ஒருத்தின்னேன். மடிப்பைத் திருப்பிப் பாத்து, "தையல் நெருக்கமா இருக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டா.

இதோட கடுதாசியை மூடிடலாம்னு பாத்தேன். முடியல.

என் கல்யாணம் உன்னால நிக்கல.

திருநெல்வேலிக்காரா கடுதாசி வந்த அன்னிக்கு அம்மா கோவிலுக்குப் போயிருந்தா. தபால்காரர்கிட்டேந்து நான்தான் வாங்கினேன். பிரிச்சும் பாத்தேன். "பெண் படித்தவள், நல்லவள். ஆனால் பையன் பக்கத்தில் நின்றால் பார்க்க நன்றாக இல்லை. உயரம் போதாது. பிறக்கப் போகிற குழந்தைகளையும் நினைக்க வேண்டியிருக்கிறது." அவ்வளவுதான். உன் பேரே அதுல இல்லை. உன் விஷயம் அவாளுக்குத் தெரியவே தெரியாது.

அம்மாகிட்ட அதைக் காட்ட எனக்கு மனசு வரல. ஸ்கூல்ல முதல் பெஞ்சு, காலேஜ்ல ஸ்டூல் மேல நின்னுண்டு மாட்டைப் பரிசோதனை பண்றவள்னு சிரிப்பு, இதெல்லாம் பழகிப் போச்சு. ஆனா பொறக்காத குழந்தைக்குக்கூட நான் ஆகாதவள்னு ஒருத்தர் எழுதி ஸ்டாம்பு ஒட்டி அனுப்புவார்னு நினைக்கல. அதை அம்மா படிச்சு என்னைப் பாக்கற பார்வையை நான் பாக்கணுமேன்னு இருந்தது.

ரெண்டு நாள் கழிச்சு உன் கடுதாசி வந்தது, ஏலியாம்மாவைக் கல்யாணம் பண்ணிண்டேன்னு. அம்மா தலையில கை வெச்சுண்டு உக்காந்தா. "கிறிஸ்தவப் பொண்ணாச்சே, இது தெரிஞ்சா திருநெல்வேலிக்காரா என்ன சொல்லுவா"ன்னா. "தெரிஞ்சுடுத்து அம்மா, வேண்டாம்னு எழுதிட்டா"ன்னு என் வாயிலேந்து வந்துடுத்து. கடுதாசியைக் கேட்டா. கிழிச்சுப் போட்டுட்டேன்னேன். கிழிச்சது நிஜம்.

ஒரு வாக்கியம்தான். அதுக்கு நீ அஞ்சு வருஷம் வாசலுக்கு வெளியில நின்னுட்டே. உன் பொண்ணு பொறந்து நாலு வயசாயிடுத்து. ஒவ்வொரு வருஷமும் சொல்லணும்னு நினைப்பேன். வருஷம் ஆக ஆக அது பெரிசாயிண்டே போச்சு. மன்னிச்சுடுன்னு எழுதக்கூட கூசறது.

விஜயம்

*

விதுரை,
21.5.1979

அண்ணா,

ஒரு மாசமாச்சு. பதில் இல்லை. தபால் பையை அவிழ்க்கறப்போ போஸ்ட் ஆபீஸ் வாசல்லயே நிக்கறேன். போஸ்ட்மாஸ்டர் என்னைக் கண்டதும் தலையை ஆட்டிடறார்.

லைசென்ஸ் கிடைச்சுடுத்து. எட்டுப் போட்டுக் காட்டினேன், கால் ஊணல. இதை உன்கிட்ட சொல்லாம இருக்க முடியல, அதுக்காகத்தான் எழுதறேன்.

நீ கோபமா இருக்கறது நியாயம். என்னைத் திட்டியாவது ரெண்டு வரி போடு. உச்சிமாகாளியைப் பத்தி எழுதினேனே, திட்டாதவாகிட்ட நிக்கறதுதான் கஷ்டம்.

வர ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட நிஜத்தைச் சொல்லப் போறேன்.

விஜயம்

*

விதுரை,
21.6.1979

அண்ணா,

நீ இதைப் பிரிப்பியான்னு தெரியாமலே எழுதறேன்.

அம்மாகிட்ட சொல்லிட்டேன். அரிசி களைஞ்சுண்டிருந்தா. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் கையைத் தண்ணிக்குள்ளேந்து எடுக்கவே இல்லை. அப்புறம், "என் பிள்ளையை நான் அநியாயமா வெளியில நிறுத்தும்படி பண்ணிட்டியேடி"ன்னா. அடிச்சிருக்கலாம். அதுக்கப்புறம் பேச்சில்லை. சாதம் போடுவா, மோர் விடுவா, என்னைப் பாக்க மாட்டா. மூணு சனிக்கிழமை அப்படியே போய், அப்படியே திரும்பி வந்தேன். மூணாவது தடவை நான் கிளம்பறப்போ, "அவனோட விலாசத்தை எழுதி வெச்சுட்டுப் போ"ன்னா. எழுதி வெச்சேன். எதுக்குன்னு கேக்கல.

முந்தாநாள் மழை கொட்டித்து. அதே எஸ்டேட் லயத்துலேந்து ஆள் வந்தான், காலம்பறலேந்து ஒரு மாடு கன்னு போட முடியாம கிடக்குன்னு. பஸ் வராது, கல்லாத்துக்கு அந்தண்டை மண் சரிஞ்சிருக்குன்னான். பையை முதுகுல கட்டிண்டு வண்டியை எடுத்தேன்.

ரோடு முடிஞ்சு மண் பாதை. ரெண்டு பக்கமும் தேயிலை, நடுவுல பாதை முழுக்கத் தண்ணி ஓடறது. சேத்துல பின்சக்கரம் மீன் வால் மாதிரி ஆடித்து. எங்கே நிக்கலாம், எங்கே நிக்கலாம்னு கண்ணாலேயே கல்லைத் தேடிண்டு போனேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு வேர், ஒரு பாறை கிடைச்சுது. ஓடைகிட்ட மட்டும் கிடைக்கல. காலை வெச்ச இடத்துல பூமி இல்லை. நானும் வண்டியும் தண்ணியில. சுத்திவர மழையைத் தவிர யாரும் இல்லை. அப்போ நான் அழுதேன். ஒரு நிமிஷம்தான். அப்புறம் தண்ணிக்குள்ளேயே சீட்டுக்கு முதுகைக் காட்டி உக்காந்தேன். ரெண்டு தடவை வழுக்கித்து. மூணாவது தடவை எழுந்து வந்தது. பதினோரு உதையில ஸ்டார்ட் ஆச்சு, எண்ணினேன்.

போய்ச் சேர முக்கால் மணி நேரம். கன்னோட முன்னங்கால் ஒண்ணு உள்ளே மடங்கிக் கிடந்தது. உச்சிமாகாளிதான் வந்து மாட்டைப் பிடிச்சுண்டா, அது அவ மாடுகூட இல்லை. என் கை சின்னது அண்ணா. பெரிய கை போகாத இடத்துல போச்சு. கால் கிடைச்சுது, நேராக்கினேன். கன்னு வெளியில வந்து தும்மித்து. கிடாரி. உச்சிமாகாளி என் சேறு முகத்தைத் தன் முந்தானையாலயே துடைச்சுவிட்டு, "இன்னிக்கு வண்டியில பறந்தே வந்துட்டீக"ன்னா.

திரும்பி வரப்போ மழை நின்னுடுத்து. இதை யார்கிட்ட முதல்ல சொல்லணும்னு நினைச்சேன்னு உனக்குத் தெரியும்.

விஜயம்

*

செகந்தராபாத்,
6.7.1979

அன்புள்ள விஜிக்கு,

உன் மூன்று கடிதமும் என் முன்னால் இருக்கிறது. ஏப்ரல் கடிதத்துக்கு நான் நாலு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். உண்மையைச் சொல்கிறேன்: கோபம் வந்தது. சாவித்ரி பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் தனியாக நின்றது ஞாபகம் வந்தது. நம் மனிதர் ஒருவர்கூட இல்லாமல் அவளுக்குப் பெயர் வைத்தது ஞாபகம் வந்தது. கோபத்தோடு எழுதினால் அது உன் கையில் நிரந்தரமாக இருந்துவிடும் என்றுதான் எழுதாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதும் ஒரு அடிதான் என்று உன் மே மாதக் கடிதத்தைப் படித்தபோதும் எனக்குப் புரியவில்லை. ஓடையில் நீ விழுந்ததைப் படித்தபோது புரிந்தது.

இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது. இந்த ஐந்து வருஷமும் "என் தங்கை வாழ்க்கையைக் கெடுத்தேன்" என்று நான் சொல்லிச் சொல்லி, ஏலியாம்மாவையும் அதற்குக் கூட்டாளி ஆக்கியிருக்கிறேன். அவள் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. உன் ஏப்ரல் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் இரண்டே கேள்வி கேட்டாள். "அப்போ அவளுக்கு என்ன வயசு?" இருபத்துநாலு என்றேன். "அந்த எழுத்து வாசிக்கும்போ கூட யாரும் இல்லையா?" இல்லை என்றேன். "பாவம் கொச்சு" என்றாள். எங்கள் குழந்தை விழுந்து அடிபட்டால் சொல்வாளே, அதே சொல், அதே குரல். நான் கோபப்பட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு அவள் போகவே இல்லை.

மன்னி என்று எழுதலாமா என்று கேட்டிருந்தாய். அவளிடம் படித்துக் காட்டினேன். அடுக்களைக்குப் போய்விட்டாள். திரும்பி வர நேரமாயிற்று.

அந்தத் திருநெல்வேலிக்காரர் விலாசம் என்னிடம் இல்லாதது அவருக்கு நல்லது.

அம்மாவின் இன்லண்ட் வந்தது. முழு இன்லண்டில் மூன்று வரி. "நான் விசாரிக்காமல் எழுதிவிட்டேன். லீவு எப்போது? குழந்தை காரம் சாப்பிடுமா?" இதற்குப் பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

ஆகஸ்டில் இருபது நாள் லீவு. மெட்ராஸில் வண்டி மாறி, பதினாறாம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தம்பானூர் ஸ்டேஷன். மூன்று பேரும் வருகிறோம்.

ஓடையில் விழுந்த வண்டியை அப்படியே ஓட்டாதே. ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காயவை, பிரேக் டிரம்மைத் திறந்து துடை, கியர் ஆயிலை மாற்று. வந்ததும் நான் பார்ப்பேன்.

பஞ்சு அண்ணா

*

கரமனை,
5.8.1979

அண்ணா,

இது உனக்குக் கிடைச்ச கையோட நீ கிளம்பிடுவே. அதனால சுருக்கமா எழுதணும்னு உக்காந்தேன். ஆகாது போல இருக்கு.

அம்மா என்னோட பேச ஆரம்பிச்சுட்டா. முதல் பேச்சு, "பதினாறாம் தேதி ஸ்டேஷனுக்கு எப்படிப் போறது?"

"ஆட்டோ பிடிக்கலாம்"னேன்.

"ஆட்டோ எதுக்கு? வாசல்ல ஒண்ணு நிக்கறதே, அது ரெண்டு பேரைத் தாங்காதா?"

நான் விளையாட்டுன்னு நினைச்சேன். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை காலம்பற குளிச்சு, நல்ல பொடவையா ஒண்ணு கட்டிண்டு வாசல்ல வந்து நின்னுட்டா. ஒத்திகை பாக்கணுமாம். திடீர்னு அன்னிக்கு ஏறி, பழக்கமில்லாம விழுந்து வெச்சா குழந்தை பயந்துடும்னா.

தெரு பூரா வாசலுக்கு வந்துடுத்து. எதிராத்து நாகலக்ஷ்மி மாமி, "ஏன் சாவித்ரி, இந்த வயசுலயா?"ன்னு கேட்டா. "இந்த வயசுலதானே என் பேத்தியைப் பாக்கப் போறேன்"னா அம்மா. மாமி உள்ளே போய் ஒரு ஸ்டூல் கொண்டு வந்து போட்டா. அதுல ஏறி அம்மா பின்சீட்டுல ஒரு பக்கமா உக்காந்தா.

கரமனைப் பாலம் வரைக்கும் போனோம். கண்ணை இறுக்க மூடிண்டிருந்தான்னு நினைக்கறேன், ஏன்னா ஆத்துக் காத்து அடிச்சதும் "எங்கேடி வந்திருக்கோம்?"னு கேட்டா. பாலத்துமேல ஓரமா நிறுத்தினேன். கண்ணைத் திறந்து தண்ணியைப் பாத்தா. அப்புறம் என் முதுகுகிட்டேந்து, "அந்தக் கடுதாசியை நீ என்கிட்ட காட்டியிருக்கலாம்"னா. கோபமா இல்லை. "உன்னைப் பாத்து நான் என்ன நினைச்சிருப்பேன்னு நீ நினைச்சே?" இடுப்பைச் சுத்திப் பிடிச்சிருந்த கையை அவ எடுக்கல.

குழந்தைக்குக் காரம் ஆகாதுன்னு நீ எழுதினதுலேந்து மிளகாய் இல்லாத கூட்டு, மிளகாய் இல்லாத ரசம்னு வாராவாரம் ஒண்ணு பண்ணி என் தலையில கட்டறா. மன்னிக்கு என்ன பிடிக்கும்னு கேட்டா. எனக்குத் தெரியல. வந்ததும் அவளையே கேட்டுக்கோன்னேன். "கேக்கறேன்"னா.

இன்னும் ஒண்ணு, இது மெக்கானிக் அண்ணாவுக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி அம்மா பின்னால ஏறி உக்காந்தாளோ இல்லையோ, அவ கனத்துக்கு வண்டி ஒரு அங்குலத்துக்கு மேல இறங்கிடுத்து. என் ரெண்டு பாதமும், ரெண்டும் ஒரே சமயத்துல, குதிகால் வரைக்கும் தரையில பதிஞ்சுது. உதைச்சுக் கிளப்பின எஞ்சின் ஓடிண்டேதான் இருந்தது. நான் கியர் போடாம அப்படியே நின்னுண்டிருந்தேன்.

"என்னடி, போகலையா?"ன்னா அம்மா.

விஜி